பால்கோவா பூசிய குட்டி

என் வீட்டுக்காரர் கௌதம்ராஜுக்குப் பால்கோவா கிண்டத் தெரியும். அதைத் தவிர ஒரு எழவும் தெரியாது. இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன். கோபம் ஆறின பிறகு கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

போன வாரம், வேலை பார்க்கும் பால்கோவாக் கடையில் விறகு அடுக்குக்குப் பின்னால் கிடந்த பூனைக்குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். தாயில்லாத வெள்ளைக் குட்டி, உள்ளங்கை அளவுதான் இருந்தது. எங்கள் வீட்டில் ஏற்கனவே கருப்பி என்று ஒரு பூனை இருக்கிறாள். ஆறு வருஷமாக இருக்கிறாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் எனக்கு யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். குட்டியைக் கண்டதும் முதுகை வளைத்துச் சீறினாள்.

"பத்து நாள் தனித்தனியா இருக்கட்டும். குட்டிய உள்ரூமுல விட்டுக் கதவச் சாத்துவோம். அது படுத்த துணிய இவகிட்ட போடுவோம், இவ துணிய அதுக்குப் போடுவோம். வாசனை பழகட்டும்" என்றேன்.

"பத்து நாளா? ஏ நாகு, நாம என்ன சம்பந்தமா பேசப் போறோம்?" என்று சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் ராஜபாளையம் மில்லில் முதல் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்றரை. குட்டி அவர் மடியில் கிடந்தது. கண் இரண்டும் வீங்கி, காதும் வயிறும் தடித்து, உடம்பெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது.

"கருப்பி எங்க?"

"கொண்டுபோய் விட்டாச்சு. குட்டியக் கடிச்சுக் கொதறிட்டா. கழுத்தக் கவ்விட்டு ஓடுதா, என் கண்ணால பாத்தேன். வெளக்குமாத்தால ரெண்டு போட்டு, சாக்குல கட்டி, பிளவக்கல் டேம் பக்கம் ஒரு தென்னந்தோப்புல விட்டுட்டு இப்பத்தான் வாரேன்."

குட்டியைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பல் தடம் இல்லை. எல்லாம் பொடிப்பொடியான சிவப்புப் புள்ளிகள். கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். காய்ச்சின பாலும் சீனியும்.

"இது மேல என்னத்தப் பூசினீக?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

"சட்டியில சுரண்டுன பால்கோவா கொஞ்சம் வச்சிருந்தேன். காலைல நீ போன பொறவு குட்டி மேல தடவி, கருப்பிகிட்ட காட்டினேன். நல்லாத்தான் நக்குனா. சரி, ராசியாயிட்டான்னு குட்டிய உள்ள போட்டுச் சாத்திட்டு வேலைக்குப் போனேன்."

"மிச்சத்தக் கழுவி விட்டீகளா?"

உள்ரூமுக்குப் போய் லைட்டைப் போட்டேன். ஜன்னலிலிருந்து அட்டைப்பெட்டி வரைக்கும் செவ்வெறும்புச் சாரை. பெட்டிக்குள் விரித்த துண்டே தெரியவில்லை. கதவின் வெளிப்பக்கம், அடியில் பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது. பிறாண்டின இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

உள்ளே குட்டி எறும்புக்கடியில் கதறியிருக்கிறது. வெளியே இவள் நகம் பிய்யப் பிறாண்டியிருக்கிறாள். மத்தியானம் இவர் வந்து கதவைத் திறந்ததும் பாய்ந்துபோய், கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு ஈத்து குட்டி போட்டு வளர்த்தவள், குட்டியைத் தூக்க அவளுக்குத் தெரியாதா? அதற்கு இந்த மனுஷன் கொடுத்த கூலி விளக்குமாற்று அடி.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. "வண்டிய எடு."

குட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வத்திராயிருப்பு தாண்டும் வரைக்கும் நான் வாய் மூடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தோப்பில் அவர் "கருப்பி, கருப்பி" என்று கூப்பிட்டார்.

"நீ பேசாத. உன் சத்தம் கேட்டா வருவாளா?"

நான் கூப்பிட்டேன். தொண்டை வறளக் கூப்பிட்டேன். என் குரலுக்கும் அவள் வரவில்லை. நானும் அந்த வீட்டு ஆள்தானே. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

அப்போது முந்தானைக்குள் குட்டி கத்தியது. காய்ந்த ஓலைக் குவியலுக்குள்ளிருந்து ஒரு பதில் சத்தம் வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நொண்டிக்கொண்டு கருப்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானைக்குள் தலையை விட்டு, குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கி, இரண்டு எட்டு வைத்து, கீழே வைத்து நக்க ஆரம்பித்தாள்.

"பாத்தியா? நல்லாப் பாரு. இதுக்குத்தான் அவள அடிச்ச."

அவர் பார்த்தார். திரும்பக் கட்டிக்கொண்டு வர அவர் எடுத்து வந்திருந்த சாக்கைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன்.

செத்த நேரம் கழித்து, கருப்பி குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து தானாக என் மடியில் போட்டாள். பிறகு அவளும் ஏறிப் படுத்தாள். அவர் தடவக் கை நீட்டினார். சீறினாள்.

இருவரையும் முந்தானையில் சுற்றி அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக் கருப்பி உறுமிக்கொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை.