மூடாத விளையாட்டு

கிருஷ்ணவேணி குனிந்து கணினியின் பிளக்கில் கை வைத்துவிட்டாள். கூடத்தில் தேவநாதனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சூர்யகலா எப்படி எழுந்தாள், எப்படி உள்ளறைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்த வேகத்தில் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, தொடாதீங்க.”

“சாவு வூட்ல பாட்டு பாடிக்கினு இருக்குது. நாலு பேரு என்னா நெனைப்பாங்க?”

பாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கணினித் திரையில் ஒரு பொம்மை மனிதன் மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் நடக்காமல் நின்றால் மெல்லிய இசை ஒன்று திரும்பத் திரும்பக் கேட்கும். காலையிலிருந்து அவன் அங்கேயேதான் நிற்கிறான். அவனை நடக்கவைத்துக்கொண்டிருந்தவர் கூடத்தில் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிப் படுத்திருந்தார்.

சூர்யகலா ஒலியை மட்டும் குறைத்தாள். அண்ணி கையை உதறிக்கொண்டு போனதும், பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். புருஷன் பிணத்தை விட்டு எழுந்து ஓடியவளைப் பார்த்த பெண்கள் ஒப்பாரியைச் சற்று நிறுத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

காலையில் காபி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர். முந்தின நாள்தான் அந்த விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார். “கலா, ஓடுது, வந்து பாரு” என்று கூப்பிட்டார். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் வருகிறேன் என்றாள். அடுத்த தோசையை ஊற்றிவிட்டு, சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தபோது தலை மேசைமேல் கவிழ்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்தார். வரும்போதே உயிர் இல்லை என்றார்.

தேவநாதனுக்கு நேரு வீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. திண்டிவனம் முழுக்கக் கணினி ஓடுவது விண்டோஸில் என்றால் அவருக்கு மட்டும் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். கல்யாணமான புதிதில் அதைச் சூர்யகலா ஏதோ டானிக்கின் பெயர் என்று நினைத்திருந்தாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள் என்று குறுந்தகடு கொடுத்து அனுப்புவார். வாங்கிப் போனவர்கள் அதைக் குருவி விரட்ட வயலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் அவருடைய அப்பா விருத்தாசலத்தின் கம்பங்கொல்லையிலேயே இரண்டு மூன்று பளபளத்தன. அதைப் பார்த்து அவர் சிரித்தாரே தவிர, கொடுப்பதை நிறுத்தவில்லை.

லினக்ஸில் கேம் ஆட முடியுமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால்தான் முகம் சுண்டிப்போகும். வருஷக்கணக்கில் அதற்கு அவரிடம் பதில் இல்லை. இந்த வருஷம்தான் பெரிய விளையாட்டுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கமும் வரத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் முன்னால் உட்கார்ந்து, வந்த விளையாட்டையும் புதுக் கருவிகளையும் பற்றிப் பேசிப் பதிவு செய்து வைப்பார். யார் கேட்கப் போகிறார்கள் என்று சூர்யகலா சீண்டுவாள். கேட்க ஆள் வருகிற அன்றைக்குப் பேச்சு தயாராக இருக்க வேண்டாமா என்பார்.

சந்தோஷத்தோடு ஒரு பயமும் அவருக்கு இருந்தது. “வாங்கினது நாமதான். ஆனா சாவி விக்கிற கம்பெனிக்காரன் கையில இருக்குது. அவன் கடைய மூடிட்டா நம்ம வூட்ல இருக்கிற கேமும் மூடிக்கும். காசு குடுத்து வாங்கியும் வாடகை வூடு மாதிரிதான் கலா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே காரணத்துக்காக வீட்டுப் படங்களை இணையத்தில் ஏற்ற விடமாட்டார். அடுத்தவன் பரணில் நம் சாமானைப் போடக் கூடாது என்பது அவர் கட்சி. கல்யாண வீடியோ, மகள் துர்கா தவழ்ந்தது, பேசியது, அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகள் எல்லாம் அந்த ஒரு கணினியில்தான் இருந்தன.

போன வருஷம் கடைப் பூட்டை உடைத்து யாரோ கணினியைத் தூக்கிப் போய்விட்டார்கள். அதில் யார் யார் வீட்டுப் படங்களோ இருந்தன. பயந்துபோன மனிதர், வீட்டுக் கணினியையும் அதற்கு நகல் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டார். ஓடுகிறவரை திறந்திருக்கும். அணைந்தால் பூட்டிக்கொள்ளும். அந்தக் கடவுச்சொல் என்னவென்று ஒருநாள் கேட்டதற்கு, வாயால் சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்று சிரித்தார். அந்த விரல்களைத்தான் இப்போது கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

சாவி நம் கையில் இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் சாவியை ஒருவர் கையிலும் கொடுக்காமல் போய்விட்டார். சூர்யகலாவுக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. கோபத்தைத் தள்ளிக்கொண்டு பயம் வந்தது. இன்றைக்கு அவர் போனார். கரண்ட் போனால் இன்னொரு தரம் போவார். அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது.

ஒன்பதாவது படிக்கும் துர்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவருகில் நிறுத்திச் சொன்னாள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கோ பொருத்தித் தரவேண்டும் என்று அப்பா வாங்கி வைத்திருந்த புது ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருந்தது. அதைச் செருகினாள்.

“எல்லாத்தையும் இதுல போட்டுடலாம்மா. ஆனா சாய்ந்திரம் வரைக்கும் ஆவும். நடுவுல அணையக் கூடாது. கொஞ்ச நேரம் தொடாம வுட்டாலும் திரை பூட்டிக்கும். கேம் ஓடிக்கினு இருந்ததாலதான் இவ்ளோ நேரம் பூட்டிக்கல, ஆனா அத நம்ப முடியாது, நான் ஆடிக்கினே இருக்கேன்.”

அதனால் விளையாட்டை மூடாமல், பின்னால் நகல் ஓட, அவள் அந்தப் பொம்மை மனிதனை மலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அப்பன் செத்துக் கிடக்கிறான், பெண் கேம் ஆடுகிறாள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது சூர்யகலாவின் காதில் விழுந்தது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மறுபடி தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கண் மட்டும் சுவரில் ஓடும் மின்விசிறிமேலேயே இருந்தது; அது இன்வெர்ட்டரில் சேராதது, கரண்ட் போனால் முதலில் நிற்கும்.

ஐஸ் பெட்டி வந்தது. தேவநாதனின் தம்பி பச்சைமுத்து மஸ்கட்டிலிருந்து விடியற்காலைதான் வந்து சேருவான். அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான். அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று கிருஷ்ணவேணி ஏற்பாடு செய்திருந்தாள். பெட்டிக்காரர் ஜெனரேட்டர் கொண்டுவரவில்லை. அது விழுப்புரத்தில் இன்னொரு சாவுக்குப் போயிருந்தது. அந்த வருஷம் கரண்ட் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம்தான் அதிகம். இன்வெர்ட்டர் இருக்கிறதே, சமாளிக்கலாம் என்று மாட்டிவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. இன்வெர்ட்டர், ஐஸ் பெட்டியையும் கணினியையும் சேர்த்து இழுக்க முடியாமல் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. உள்ளேயிருந்து துர்கா “அம்மா” என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

“அந்தக் கம்ப்யூட்டரப் புடுங்கிட்டா சரியாயிடும்” என்று எழுந்தாள் கிருஷ்ணவேணி.

அதற்குள் சூர்யகலா சுவரோரம் போய்விட்டாள். குனிந்து, ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது. ஒப்பாரியும் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே தேவநாதனின் முகத்துக்கு மேல் பூத்திருந்த ஈரம் ஒரு துளியாகச் சேர்ந்து வழிந்தது. சூர்யகலா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உனக்கு என்னா பைத்தியமாடி? தம்பி வர்றதுக்குள்ள என்னாவறது?”

“நாளைக்கு வேணாம் அண்ணி. இன்னைக்கே எடுத்துடலாம்.”

“யாரு கொள்ளி வைக்கிறது? பெத்த அப்பன் கையில குடுக்கச் சொல்றியா?”

அந்தக் கேள்வி கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாக விழுந்தது. வாசலில் பந்தக்காலைப் பிடித்தபடி நின்றிருந்த விருத்தாசலம் உள்ளே வந்தார். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவரை அப்படியே அழைத்து வந்திருந்தார்கள். வேட்டியில் செம்மண் காயவில்லை. மருமகளைப் பார்த்து, வா என்று உள்ளறைக்குத் தலையசைத்தார். பேத்திக்குப் பின்னால் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எதுக்கும்மா இப்படிப் பயப்படறே?”

“அவரு பேசினதெல்லாம் இதுக்குள்ள இருக்குது மாமா. அணைஞ்சா பூட்டிக்கும். அப்புறம் யாராலயும் தொறக்க முடியாது.” சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. “பச்சமுத்துக்கு மூஞ்சி காட்டாம எடுக்கச் சொல்றது பாவந்தான். எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணுதான் மாமா இருக்கும். ரெண்டும் இருக்காது.”

கிழவர் மகன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்த நாற்காலி மெத்தையைப் பார்த்தார். துர்காவின் தலையில் கை வைக்கப் போனவர், கையில் மண் இருப்பதைக் கண்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெளியே போய், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று பங்காளிகளிடம் சொன்னார். கொள்ளி தானே வைப்பதாகவும், இளைய மகனுக்குப் போனில் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

குளிப்பாட்டும்போதும், வாய்க்கரிசி போடும்போதும், கடைசியாகக் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் அந்த முகத்தைப் பார்க்கும்போதும் சூர்யகலா உரக்க அழவில்லை. ஒரு காதைக் கொடுத்து உள்ளறையில் விசைகள் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுத்தக்காரி என்றார்கள். மேளம் தெருமுனையைத் தாண்டியதும், ஏரிக்கரைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட அந்த நேரத்தில்தான் தண்ணீர் வந்தது.

பிணம் வெளியேறியதும் வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். கிருஷ்ணவேணியும் இரண்டு பெண்களும் குடம் குடமாகக் கூடத்தில் ஊற்றித் தள்ளினார்கள். சாணிப்பால் கலந்த தண்ணீர் வாசல் பக்கம் ஓடியது போக மீதி உள்ளறைக்குத் திரும்பியது. மேசைக்கு அடியில், தரையில், கணினியின் பிளக் பெட்டி கிடந்தது.

சூர்யகலா ஓடினாள். ஈரத்தில் சறுக்கி முழங்கால் இடித்தது. பிளக் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். வெறுங்காலுக்கடியில் தண்ணீர் ஓடியது. பெட்டி கைக்குள் சூடாக இருந்தது. ஈரத்தில் நின்று கரண்டைப் பிடிக்கக் கூடாது என்று அவர் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறார். அவள் நகரவில்லை. நகர்ந்தால் ஏதாவது ஒரு ஒயர் உருவிக்கொள்ளும் என்று பயமாக இருந்தது.

“வுட்டுடு கலா, கரண்ட் அடிக்கப் போவுது” என்றாள் கிருஷ்ணவேணி, இடுப்பில் குடத்தோடு வாசற்படியில் நின்று. முதல் தடவையாக அவள் குரலிலும் பயம் இருந்தது. சூர்யகலா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

திரையில் பொம்மை மனிதன் மலையுச்சிக்கு வந்திருந்தான். அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றான். துர்கா அவனை விட்டுவிட்டு வேறெதையோ அழுத்தினாள்.

“முடிஞ்சிதும்மா. ஒண்ணு தொறந்து பாக்கட்டுமா, சரியா வந்துச்சான்னு?”

சூர்யகலா வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் துர்கா ஒலியைக் கூட்டினாள்.

“வணக்கம். திண்டிவனத்துலேர்ந்து தேவநாதன் பேசறேன். இந்த வாரம் புதுசா ஒரு கேம் வந்துருக்குது. நம்ம லினக்ஸ்ல ஓடுமா ஓடாதான்னு பாக்கலாம்.”

கூடத்தில் துடைப்பச் சத்தம் நின்றது. கிருஷ்ணவேணி குடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தாள். பதிவில் எங்கிருந்தோ கரகரவென்று ஒரு இரைச்சல் கிளம்பி, அவர் பேச்சை மூடியது.

“கலா, அந்த மிக்சியக் கொஞ்சம் நிறுத்து. ரெக்கார்டிங் போய்க்கினு இருக்குதில்ல.”

பிளக் பெட்டியை அணைத்தபடி சூர்யகலா அடுக்களையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் ஊற்றிய தோசை கல்லிலேயே கருகி, ஓரம் சுருண்டு கிடந்தது.