டாக்டருக்கு முன்மடல் எங்கே?

பர்ரான்கியா ஊரே ஆடிப்பாடும் கார்னிவல் திருவிழா வாரத்தில் புத்தகத்தைத் தொட்ட ஒரே ஜீவன் நயிபேதான். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள். உதவி நர்ஸ் ஆவதற்குக் குறுக்கே நின்றது மூளைப் பாடத்தின் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. பாடமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தச் சின்ன வயசு டாக்டர் ஹெரால்டோ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "சொல்லுங்க" என்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கார்னிவல் முடிந்த வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு.

ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஒரு வசைப்பாட்டுக் குழு உண்டு. கறுப்பு அங்கி, முகமூடியோடு தெருத்தெருவாகப் போய், பாதிரியார் ஜெபம் சொல்கிற ராகத்தில் பெரிய மனிதர்களை வாருவார்கள். நயிபே அதில் எப்போதும் பின்பாட்டுதான்.

"இந்த வருஷம் மூளையத்தான் பாடுறோம். நீதான் முன்பாட்டு," என்றான் சமையல்கார எபார்கியோ.

"ஐயோ, நானா? செத்தேன்!"

"அட போடி! முகமூடிக்குள்ள யாருன்னு எவனுக்குத் தெரியும்? நாலு நாள் தொண்ட கிழியப் பாடு. அப்புறம் எப்படி மறக்குதுன்னு பாப்போம்."

பாடினாள். முதல் தெருவில் குரல் நடுங்கியது, மூன்றாவது தெருவில் சிங்கமாகிவிட்டது. மாடியிலிருந்து ஜனங்கள் சோள மாவை அள்ளி வீசிக் கும்மாளம் போட்டார்கள். மகராசி, என்ன குரல் அது!

வியாழன் வந்தது. கூந்தலில் சோள மாவு இன்னும் முழுதாகப் போகவில்லை. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "முன்மடல். சொல்லுங்க."

நாக்கு ஒட்டிக்கொண்டது. நயிபே கண்ணை இறுக மூடினாள், தெருவை நினைத்தாள், வாய் தானாகத் திறந்தது:

"நெத்திக்குப் பின்னால முன்மடல் இருக்கு,
புத்தியும் பொறுமையும் அதுக்குள்ள இருக்கு,
டாக்டர் ஹெரால்டோவுக்கு அது எங்க இருக்கு?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, தெருவில் பாடின பேரை மாற்ற மறந்துவிட்டாளே! பதினெட்டு வருஷ உழைப்பும் போச்சு. மூளையில் மூச்சைக் கவனிக்க முகுளம் என்று ஒன்று இருந்ததால் மூச்சாவது வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மேசையில் தாளம் தட்டினார்.

"தேடிப் பாருங்கய்யா, தேடிப் பாருங்க!"

அந்த ஊரில் பிறந்தவருக்குப் பின்பாட்டு வராமல் இருக்குமா!

நயிபேவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. எழுந்தே நின்றுவிட்டாள்:

"காதோரம் பொட்டுமடல், கேட்டத நினைக்கும்,
பிடரிப்பக்கம் பின்மடல், பாத்தத உணரும்,
பக்கத்து வீட்டையே ஏன் பாக்குதாம்?"

"தேடிப் பாருங்கய்யா, தேடிப் பாருங்க!" இம்முறை வாசலில் நின்ற பியூனும் சேர்ந்துகொண்டார்.

"சிறுமூளை?" என்று கத்தினார் டாக்டர்.

"நடைய நேராக்கும், ரம்முன்னா தள்ளாடும்!"

"முகுளம்?"

"மூச்சுவிடச் சொல்லும், நெஞ்ச அடிக்கச் சொல்லும்,
லீவே போடாத அதிகாரி ஊர்லயே அது ஒண்ணுதான்!"

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நயிபே அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அழாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்," என்றார் அவர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "அடுத்த வருஷப் பாட்டுல என் பேரு இல்லேன்னா, இதத் திருப்பி வாங்கிடுவேன்."