நான்காவது சக்கரம்

1

இந்தக் கதை எனக்குக் கீரனூர் டீக்கடையில் கிடைத்தது. வடைக்குக் காத்திருந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருத்தி, நின்றிருந்த கார் ஒன்றின் முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டு இறங்கினாள். கையில் முழ நீள ஸ்பேனர். அடிதடிதான் என்று நினைத்து, டம்ளரோடு கிட்டே போனேன். வேடிக்கை பார்ப்பதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலைச் சூரியன் புதுக்கோட்டையின் மேல் பொன்னை உருக்கி—’

வேண்டாம். ஸ்கூட்டரில் வந்த அந்த டயர் கடை பொற்கொடிக்கு அதைப் பார்க்க நேரமில்லை. துபாய்க்குத் திரும்புகிற அறந்தாங்கி வெற்றிசெல்வன், மனைவி வனிதாவோடும் மகளோடும் திருச்சி ஏர்போர்ட் போகிற வழியில், நாலு டயரையும் மாற்ற வந்து நின்றார்.

(கிளம்புகிற அன்றா டயர் மாற்றுவது? லீவு முடிகிற நாளில்தான் நம் ஆட்களுக்கு எல்லா வேலையும் நினைவுக்கு வரும்.)

பேலன்சிங் மிஷினில் சக்கரம் சுழன்று நின்றது. ஒரு பக்கம் எடை ஐந்து கிராம் குறைவு என்று காட்டியது.

“அஞ்சு கிராம்தானே, விடுங்க,” என்றார் வெற்றிசெல்வன்.

“எண்பதுல போறப்ப அந்த அஞ்சு கிராம் ஸ்டியரிங்கப் புடிச்சு ஆட்டும்ங்க. திரும்பி வாரப்ப அக்காதானே ஓட்டணும்?”

ஈயத்துண்டை ஒட்டி மறுபடி சுழற்றினாள். பூஜ்யம் வந்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினாள்.

3

அவளுக்கு ஒரு முறை உண்டு. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்றபின், ஒவ்வொரு நட்டையும் கையால் இன்னொரு தடவை முடுக்குவாள். சரியாக இறுகியதும் ஸ்பேனர் ‘டக்’ என்று சொல்ல வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி பத்து இருபத்தைந்து. மூன்று சக்கரம் முடுக்கி முடிந்திருந்தது. (அப்படித்தான் அவளுக்கு நினைவு.) வனிதா எலுமிச்சம்பழங்களோடு வந்தாள்.

“பத்தரைக்கு ராகுகாலம்ங்க. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க.”

பொற்கொடியும் சாமி கும்பிடுகிறவள்தானே, எழுந்து தள்ளி நின்றாள். பழங்கள் நசுங்கின. கார் போய்விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்ட கை கீழே இறங்குவதற்குள் அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். நாலாவது சக்கரத்தைத் தொட்டேனா?

மூன்று முறை போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? நானாக இருந்தால் நாலாவது முறையும் போன் அடித்துவிட்டு, பாரத்தைச் சாமிமேல் போட்டிருப்பேன். ஆனால் அவள் என் கண்ணெதிரே நின்றாள், தலையெல்லாம் புழுதியோடு.

“நாலாவது சக்கரத்த முடுக்குனேனான்னு தெரியலங்க. என் தப்பு. ஒரு நிமிசம் இருங்க.”

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்றார் வெற்றிசெல்வன்.

அவள் சாலையோரத்தில் குத்தவைத்து ஸ்பேனரை மாட்டினாள். பின் சீட்டு ஜன்னல் வழியே, வாய் நிறைய பன்னோடு அந்தச் சின்னப்பெண் அவளை எட்டிப் பார்த்தாள்.

5

முடிவு அ: நட்டு கையோடு சுழன்றது. கவனமில்லாதவள் என்பீர்கள்.

முடிவு ஆ: ‘டக்.’ வீண் அலைச்சல் என்பீர்கள்.

எது நடந்தது என்று நான் பார்த்தேன். சொல்ல மாட்டேன். இரண்டிலும் அவள் வந்தாள், அவ்வளவு பேருக்கு முன்னால் ‘என் தப்பு’ என்றாள். அப்படிச் சொல்லி இதுவரை நான் யாரிடமும் போய் நின்றதில்லை.

அதனால் அந்த நட்டை உங்களிடம் விடுகிறேன், இஷ்டம்போல் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. அந்தச் சின்னப்பெண் திருச்சிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள், பத்திரமாக வீடும் திரும்பினாள். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.