நாலரை அடிக் கட்டில்

"இன்னா பாய் இது, புறாக்கூண்டாட்டம் கீது? இதப் பாத்து எவன் வீடு வாங்குவான்?"

அடையாற்றில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த புரமோட்டர் ராஜகோபாலன், கையிலிருந்த படத்தை மேஜைமேல் விசிறிப் போட்டார். எதிரே நின்ற தௌசீஃப்புக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவன் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்து, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பிழைப்பவன். படத்தில் ஒரு குறையும் இல்லை. ராஜகோபாலன் கட்டிய ஃபிளாட்டின் படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி. அது பத்தடியாகவே தெரிந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சின்ன ரூம பெருசா காட்றதுக்குன்னு லென்ஸ் கீதாமே, அத வாங்கிக்கினு வா. கோட்டூர்புரத்துல புது பில்டிங் ஆரம்பிக்கிறேன். அதோட விளம்பர நோட்டீசுல இந்த ரூம் படத்ததான் போடப்போறேன், ரெண்டும் ஒரே அளவு. அப்பால இன்னும் அஞ்சு பில்டிங் வருது. எல்லா படமும் உனக்குத்தான்."

அது தொண்ணூற்றாறாம் வருஷம். சென்னையில் மாமரம் நின்ற தோட்டங்களிலெல்லாம் ஃபிளாட் முளைத்துக்கொண்டிருந்தது. ஆறு கட்டட வேலை என்றால் ஸ்டூடியோ வாடகைக்கு ஒரு வருஷம் கவலையில்லை. தௌசீஃப் லென்ஸ் தேடப் புறப்பட்டான்.

புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது அந்தக் கஷ்டம். தி. நகரில் ஒரு கடையில் கேமரா கம்பெனியே செய்த, அறையை அகலமாகப் பிடிக்கும் வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸை எடுத்துக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் அதை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு வந்தான். இன்னொரு கடையில் விலை குறைவு. ஆனால் அது இவன் கேமராவில் மாட்டவில்லை. மூன்றாவது கடையில் கிடைத்த இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டியது, விலையும் படிந்தது, ஆனால் படத்தில் அறையின் இரண்டு சுவர்தான் அடங்கியது. பஸ்ஸுக்கும் டீக்கும் செலவழிந்ததுதான் மிச்சம். மூன்று வாரத்தில் அவனுக்கு லென்ஸ் என்ற சொல்லே கசந்துபோயிற்று.

கடைசியில் பழைய கேமரா ரிப்பேர் பார்க்கும் அப்துல் கய்யூம்தான் ஒன்றை எடுத்து நீட்டினார். பத்தொன்பது மில்லிமீட்டரிலிருந்து முப்பத்தைந்து வரை போகும் ஜூம், அறையின் மூன்று சுவரும் அடங்கும். பெயர் தெரியாத கம்பெனி.

"ஓரத்துல கொஞ்சம் பூஞ்ச கீது, தொடச்சிக் குடுத்துர்றேன். இப்ப பாதி குடு, வேல முடிஞ்சதும் மீதி குடு" என்றார்.

மறுவாரம் தௌசீஃப் அதே அறைக்குப் போனான். ராஜகோபாலன் சும்மா இருக்கவில்லை. தச்சரை வைத்து நாலரை அடி நீளத்தில் ஒரு கட்டில் செய்து போட்டிருந்தார். மேலே அழகான விரிப்பு. தௌசீஃப் குளியலறைக் கதவோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று படம் எடுத்தான். வந்த படத்தில் அந்த அறை கல்யாண மண்டபம் போலிருந்தது. ராஜகோபாலன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்!

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, விஜயலக்ஷ்மி என்ற அம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"பேங்க் லோனுக்கு அப்ளிகேஷன் போடணும். மூணு காப்பி பாஸ்போர்ட் சைஸ் வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை எடுத்தார். தௌசீஃப்புக்கு அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"கோட்டூர்புரத்துல வாங்கறோம். இன்னும் தூண்தான் நிக்கறது. எங்காத்துக்காரருக்கு ஸ்கூட்டர் ஆக்ஸிடென்ட்ல ரெண்டு காலும் போயிடுத்து. வீல்சேர்தான். இப்ப மாடி வீடு, வாசலுக்கு வரணும்னா ரெண்டு பேர் தூக்கணும். மூணு வருஷமா மனுஷர் ரோடையே சரியா பாக்கலை. இது கீழ் ஃபிளாட். வர வெள்ளிக்கிழமை என் பி.எஃப். பணம் அத்தனையும் அட்வான்ஸா கட்டறேன்."

"ரூம் அளவு கேட்டீங்களாம்மா?"

"கேட்டா, மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சேத்து எண்ணூத்தம்பது சதுர அடிங்கறா, ரூம் அளவு மட்டும் வாயில வரலை. அதான் நானே கணக்குப் போட்டுட்டேன்." அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "கட்டில் ஆறடி. படத்துல ஸ்கேல் வெச்சா நாலு அங்குலம் வரது. சுவர் ஒம்போது அங்குலம். அப்போ ரூம் பதிமூணரை அடி. கட்டில் போக ஏழரை அடி மிச்சம். சேர் திரும்ப அஞ்சடி போறுமே!"

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கட்டில்தான் பொய்.

தௌசீஃப் கேமராவைக் கண்ணில் வைத்தான். அந்த அம்மாள் சிரித்தார். கய்யூமுக்குத் தரவேண்டிய பாதி, பாக்கி ஐந்து கட்டடங்கள், இதற்குமேல் வேலைக்கு அலையவேண்டிய அலைச்சல் எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை தானாகப் போய்விடும். ஆனால் விரல் பட்டனை அழுத்த மறுத்தது. அவனுக்கு அவன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அம்மா, அந்தக் கட்டில் ஆறடி இல்ல. நாலரை அடி. படத்துக்குன்னு செஞ்சது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எடுத்தேன்."

விஜயலக்ஷ்மியின் சிரிப்பு போய்விட்டது. உதடு அசைய மனக்கணக்குப் போட்டார். "பத்தடி. நிஜக் கட்டில் போட்டா நாலடிதான் மிஞ்சும். சேர் திரும்பாது." பிறகு தாளை மடித்தார். "எத்தனை அச்சடிச்சிருக்கா?"

"ரெண்டாயிரம்."

"எனக்குச் சொல்லிட்டேள். மீதிப் பேருக்கு யார் சொல்லுவா?"

நன்றி என்று அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. படமும் எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தௌசீஃப் அன்று ஒருவாய் சோறாவது தின்றிருப்பான்.

திங்கட்கிழமை அவன் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியிலிருந்த கல்யாண ஜோடிகளையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டே படத்தை மாட்டினான். ஒன்று ராஜகோபாலன் விசிறிப் போட்ட புறாக்கூண்டு. மற்றது தாளில் வந்த மண்டபம். கீழே எழுதினான்: 'இரண்டும் ஒரே அறை. பத்தடிக்குப் பத்தடி. கட்டில் நாலரை அடி. எடுத்தவன் நான்.'

கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று படித்தார்கள். ஒருவர் அதே தாளைப் பையிலிருந்து எடுத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போன மாசமே பணம் கட்டிட்டேனேப்பா" என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை ராஜகோபாலனின் கார் சந்துக்குள் வந்து நின்றது.

"இன்னா பாய், பைத்தியமா உனக்கு? எடுக்கச் சொன்னேன், எடுத்த. கூலி குடுத்தேன். உன் வேல அத்தோட முடிஞ்சிச்சு. ரூம் சின்னதா பெருசான்னு உனக்கின்னா வந்துது? கழட்டுடா அத! மீதி அஞ்சு பில்டிங்ல ஒரு படம்கூட உனக்கு இல்ல."

கூட்டம் கூடிவிட்டது. தௌசீஃப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நானும் அப்டித்தான் சார் சொல்லிக்கினு இருந்தேன், கூலிக்குத்தானே எடுத்தோம்னு. நீங்க ஒத்தையா எத்தினி பேர ஏமாத்த முடியும்? ஒரு தச்சரு, ஒரு அச்சாபீஸ்காரரு, ஒரு ஃபோட்டோக்காரன், இத்தினி பேரு கை குடுத்தாத்தான் உங்களால முடியும். ஏமாத்துக்குக் கூலி வாங்கினவனும் ஏமாத்துனவன்தான் சார். என் கைய நான் எடுத்துட்டேன்."

பிறகு படியில் நின்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"யாரும் படத்தப் பாத்து வீடு வாங்காதீங்க. என் படமா இருந்தாலும் நம்பாதீங்க. தூண்தான் நின்னாலும், டேப் எடுத்துக்கினு போயி அளந்து பாருங்க."