எழுதாமல் விட்ட ஒன்பது நாள்

1936 ஆகஸ்டில் தாஜ் நிஷா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வில்லியனூருக்குத் திரும்பி வந்தாள். எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் பகுதியில் அமெரிக்க மிஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் விடுதியில் தங்கிக் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள். அம்மா அஸ்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அத்தா மைதீன் பிச்சைக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு பெண் இல்லை.

படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் நினைக்கவில்லை. தலைமையாசிரியை மிஸ் ஹார்லனுக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள்: வீட்டிலிருந்தே படிக்கிறேன், மார்ச்சில் பரீட்சைக்கு மட்டும் வருகிறேன், மாதம் ஒருமுறை கேள்விகளைத் தபாலில் அனுப்புங்கள். பத்து நாளில் சம்மதம் வந்தது.

கணக்கையும் பூகோளத்தையும் அவளால் தனியாகச் சமாளிக்க முடிந்தது. பயமெல்லாம் ஒரே பாடத்தில்தான். அமெரிக்காவில் முதன்முதலில் குடியேறியவர்களின் எழுத்து என்று அந்தப் பள்ளியில் தனியாக ஒரு பாடம் இருந்தது. கப்பலில் போனவர்களின் நாட்குறிப்பு, பாதிரிமார்களின் பிரசங்கம், ஊருக்கு எழுதிய கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு தடித்த புத்தகம். அதன் ஆங்கிலம் முந்நூறு வருடத்துக்கு முந்தியது. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். வகுப்பில் என்றால் டீச்சரைக் கேட்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. அவளிடம் இருந்த அகராதியும் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சில் பொருள் சொல்வது. அத்தா புதுச்சேரியில் வாங்கி வந்தது. ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிரெஞ்சுக்குப் போய், ஆரம்பப் பள்ளியில் படித்த பிரெஞ்சை நினைவுபடுத்திக்கொண்டு தமிழுக்கு வருவாள். அகராதியில் இல்லாத சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். காதில் கேட்கும்போது சில சொற்கள் பிடிபட்டன. அப்படிப் பிடிபட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். நவம்பருக்குள் நோட்டு நிறைந்துவிட்டது.

வாய்விட்டுப் படித்ததால் அம்மாவும் கேட்க வேண்டியதாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் புத்தகத்தை எடுப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். தனக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான். அம்மா முகட்டைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

டிசம்பரில் ஒரு கொல்லரின் மனைவி எழுதிய நாட்குறிப்பு வந்தது. அவள் கைக்குழந்தையோடு கப்பலேறிப் போனவள். ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டாள்.

"பனி பெய்யுது. கொழந்தைக்குக் காய்ச்சல். மாவு தீந்துபோச்சு," என்று தாஜ் நிஷா தமிழில் சொன்னாள். "அடுத்தது ஒம்போது நாள் கழிச்சு எழுதியிருக்காம்மா. பனி நின்னுது. வேலி போட்டோம்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"கொ... கொழந்த?"

நாலு மாதத்தில் அஸ்மா சொன்ன முதல் சொல் அதுதான். தாஜ் நிஷா அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். வேலி, மீன், சோளம், பக்கத்து வீட்டுக்காரரின் மரணம். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனசு வரவில்லை.

"எழுதலம்மா. அப்புறம் ஒண்ணுமே எழுதல."

அஸ்மாவின் கண் நிறைந்து காதோரம் வழிந்தது. "எழுத... மாட்டா," என்றாள்.

தாஜ் நிஷாவுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் காய்ச்சலில் போய்விட்டது. அது அவளுக்குப் பக்கத்து வீட்டுக் கலியம்மாள் சொல்லித்தான் தெரியும். அம்மா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் அம்மா பேச முயன்றாள். ஒரு சொல், அப்புறம் இரண்டு. அத்தா கடையிலிருந்து சாப்பிட வந்தபோது "வாங்க" என்றாள். மைதீன் பிச்சை சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரியில் வந்த கேள்வித்தாளில் ஒரு கேள்வி: 'அக்காலத்து எழுத்தில் உணர்ச்சி குறைவு. காரணம் கூறுக.' புத்தகத்தின் முன்னுரையிலேயே பதில் இருந்தது. உழைப்பாளிகள், எழுதிப் பழகாதவர்கள் என்று. அதை எழுதினால் மார்க் வரும். தாஜ் நிஷா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, கேள்வியே தவறு என்று எழுதினாள். அந்த ஒன்பது நாளை எடுத்துக்காட்டினாள். எழுதத் தெரியாததால் அந்தக் கொல்லரின் மனைவி விட்டுவிடவில்லை, எழுத முடியாததால் விட்டாள். அந்த இடைவெளியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உணர்ச்சி குறைவாகத் தெரியாது என்று முடித்தாள். தபாலில் போட்ட பிறகுதான் பயம் வந்தது.

"பெரிய டீச்சரம்மா கேள்வியே தப்புன்னு எழுதிட்டேன் அத்தா."

"தப்புதானா?"

"தப்புதான்."

"அப்போ இன்னாத்துக்குப் பயப்படுற?" என்றார் மைதீன் பிச்சை.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்த உறையில் மார்க் போட்ட தாளோடு மிஸ் ஹார்லனின் கடிதமும் இருந்தது. 'பதினொரு வருடமாக இந்தப் பக்கத்தை நடத்துகிறேன். அந்தத் தேதிகளை நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. உன் விடையை வகுப்பில் படித்துக் காட்டினேன். இனி இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?'

அதைத் தமிழில் சொன்னதும் அஸ்மாவின் பாதி முகம் சிரித்தது. "நீயே படிச்சன்னு... எழுது."

"நீ கேட்டதாலதான்மா எனக்குத் தெரிஞ்சுது." அப்படியே எழுதி அனுப்பினாள்.

மார்ச்சில் கலியம்மாள் வந்து அஸ்மாவோடு இருக்க, அத்தா அவளை ரயிலில் கூட்டிப்போனார். அந்தப் பாடத்தில் அவள்தான் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினாள். ஆசிரியர் பயிற்சிக்கு உடனே இடம் தருவதாகச் சொன்னார்கள். அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறவரை தன்னால் வரமுடியாது என்று தாஜ் நிஷா சொல்லிவிட்டாள். அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. அவள் கிளம்பிய காலையில் அஸ்மா வாசல்வரை தானே நடந்து வந்தாள்.

"அங்க புதுசா இன்னா படிச்சாலும் எனக்கு எழுதிப்போடு," என்றாள். "அத்தா படிச்சுக் காட்டுவாரு."