படகுக்காரியின் நிலை

பிங்குன்னின் மனைவி யூயிங் தினமும் என்னிடம் இரண்டு கட்டி டோஃபு வாங்குவாள். அன்றைக்கு அறுபது கட்டி கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல வேணும் சுசின். விருந்து இருக்கு."

நான் அரைகல்லைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தாமலே கேட்டேன். "என்ன விசேஷம்?"

"பயிற்சிக்கூடத்து வாசல்ல கல்லு திறக்கறாங்க. நம்ம குத்துவரிசையோட பூர்வீகத்தை அதுல வெட்டியிருக்கு." 'நம்ம' என்று சொல்லிவிட்டு அவளே தரையைப் பார்த்தாள்.

"என்னன்னு வெட்டியிருக்கு?"

"எனக்கெங்க படிக்கத் தெரியும்? அவரு வாசிச்சுக் காட்டினாரு. எரிஞ்சுபோன கோயில்லேர்ந்து ஒரு துறவி தப்பிச்சு வந்தாராம். இவரோட பாட்டனுக்குப் பாட்டன் வீட்டுல ஒளிஞ்சிருந்து, அந்த நன்றிக்குக் கத்துக்குடுத்தாராம்."

எங்கள் ஃபூஜியன் மாகாணத்தில் எந்தக் குத்துவரிசையின் பூர்வீகத்தைக் கேட்டாலும் அது எரிந்துபோன கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு துறவியிடம் போய் முடியும். இத்தனை பேர் தப்பியிருந்தால் அந்தக் கோயிலில் எரிவதற்கு ஆளே இருந்திருக்காது. அதை நினைத்துச் சிரித்தேன். யூயிங்கும் கூடச் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். அவள் போன பிறகும் கல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஊறிய சோயாப் பயறு எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. கல்லோடு கல் உரசித் தீய்ந்த வாடை வந்தபோதுதான் தெரிந்தது.

துறவியும் இல்லை, கோயிலும் இல்லை. என் பாட்டிக்குப் பாட்டி ஷிகெங் துறையில் படகு தள்ளியவள். ஆற்றுக் கொள்ளைக்காரர்கள் படகில் ஏறினால் ஓட இடம் கிடையாது, கையை முழுசாக வீசவும் இடம் கிடையாது. அதனால்தான் எங்கள் குத்து முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு சாண் தூரத்தில் முடிகிறது. ஆடும் பலகையில் விழாமல் நிற்க அவள் முழங்கால்களை உள்ளே திருப்பிக் கால்விரல்களால் பலகையைப் பிடித்தாள். அதுதான் எங்கள் நிலை. முன்னால் மூன்று அடி, பின்னால் மூன்று அடி. படகின் அகலமே அவ்வளவுதான்.

என் அப்பா பான் ஷிக்வெய் அதைத்தான் கற்றுக்கொடுத்தார். முதல் வருடம் முழுக்க நிற்பது மட்டும்தான், ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும் வரை. அப்புறம் மண்ஜாடி. அதன் வாயை ஐந்து விரலால் கவ்வித் தூக்கிக்கொண்டு அந்த மூன்றடியை நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பிடி மணல் ஜாடிக்குள் போகும். மூன்றாம் வருடம்தான் குத்து. பாதிப்பேர் ஜாடிக்குப் பயந்தே ஓடிப்போவார்கள். பிங்குன் போகவில்லை. பதினேழு வயதில் வந்து பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். நான் அவனை அண்ணே என்றேன், அவன் என்னைத் தங்கச்சி என்றான். அவனைப் போல ஜாடி தூக்கினவன் இல்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

அறுபத்தாறில் கலாச்சாரப் புரட்சி என்று கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் முன்வரிசையில் அவன்தான் நின்றான். பழைய குப்பையைப் பரப்புகிறவர் என்று அப்பாவின் கழுத்தில் அட்டை தொங்கியது, தலையில் கூம்புக் காகிதத் தொப்பி. எங்கள் வரிசையின் பெயர்கள் எழுதிய ஒரே ஏட்டை, படகுக்காரியின் பெயரிலிருந்து என் பெயர் வரைக்கும் இருந்த ஏட்டை, அவரே அடுப்பில் போடும்படி செய்தார்கள். பிறகு பெஞ்சுக் காலால் அடித்தார்கள். மற்றவர்கள் முதுகில் அடித்தார்கள், தோளில் அடித்தார்கள். பிங்குன் இடது முழங்காலின் உட்பக்கத்தில் ஒரே அடி அடித்தான். எங்கள் நிலையில் பலவீனமான இடம் அது ஒன்றுதான். அதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவர் அப்பா. அப்புறம் மூன்று வருடம் அவர் படுக்கையில் கிடந்து செத்தார்.

நான் ஊரை விட்டுப் போகவில்லை. அரைகல்லை மூன்றடி நிலையில் நின்று சுற்றினேன். ஊறிய பயறுக்குள் விரல்களைக் குத்திக் குத்தி இறக்கினேன். பலகை ஏற்றி டோஃபுவை அழுத்தும்போது முழங்கையை விலாவில் ஒட்டினேன். இருபத்தோரு வருடம். டோஃபுக்காரி கால் வளைந்துவிட்டது என்று தெருவில் பரிதாபப்பட்டார்கள். காலம் மாறிப் பட்டைகளும் தொப்பிகளும் போய், குத்துவரிசை மறுபடி மரியாதையாகி, பிங்குன் ஆசான் ஆனான். தினமும் அவன் வயிற்றுக்குப் போகும் கட்டியை என் கையால்தான் வெட்டினேன். நஞ்சு வைக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கு அவனுடைய இடது முழங்கால் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது கட்டியையும் காவடியில் தூக்கிக்கொண்டு போனேன். வானம் மூட்டமாக இருந்தது. கல்லுக்குச் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். வட்டார விளையாட்டு அதிகாரி நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணியை இழுப்பதற்கு முன் பிங்குன் சட்டையைக் கழற்றி வெறுங்காலோடு மூன்றடி செய்து காட்டினான். ஐம்பது வயதுக்கு உடம்பைத் தேக்கு மாதிரி வைத்திருந்தான். நடுவில் நிலையில் நின்றதும் மூத்த சீடன் கூவினான்.

"ஆசானோட நிலையைச் சோதிக்க ஆசைப்படறவங்க வரலாம்!"

இது வழக்கம்தான். சோதிப்பவர் பின்னால் நின்று தோள், முதுகு, தொடை என்று அறைந்து பார்ப்பார். கடைசியில் பிடரியில் உள்ளங்கையை வைத்தால் சோதனை முடிந்தது. அதுவரை நிற்பவர் அசையக் கூடாது. அசைந்தால் அவர் ஆசான் இல்லை. யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கூவினான்.

நான் காவடியை இறக்கி வைத்தேன்.

"அட, டோஃபுக்காரி!" என்று ஒருவன் சிரித்தான். "பாத்து அடிம்மா, கட்டி உடைஞ்சிடப்போவுது!"

பிங்குன் சிரிக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றதும் அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

தோள்களில் அறைந்தேன். இரண்டாவது அறையிலேயே கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அப்படி. முதுகில் அறைந்தேன், அப்பாவுக்கு விழுந்த இடங்களில், விழுந்த வரிசையில். அவன் தோல் என் ஐந்து விரலோடு சிவந்தது. ஆனால் அசையவில்லை. நன்றாகத்தான் கற்றிருந்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போது என்னை அறியாமல் என் வாயில் அது வந்தது. எங்கள் முற்றத்தில் அப்பா திடீர் திடீரென்று கத்தும் சொல்.

"படகு ஆடுது!"

பிங்குன்னின் உடம்பு ஒரு சாண் கீழே இறங்கியது. முழங்கால்கள் உள்ளே திரும்பின. கால்விரல்கள் பத்தும் மண்ணைக் கவ்வின. "நிக்கிறேன் ஆசானே!" என்று பதினேழு வயதுப் பையனைப் போல அவன் வாய் கத்தியது.

அவனுடைய சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை அவன் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எப்படிச் சொல்வான்? பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "அது பான் ஷிக்வெய் போடற சத்தமில்ல?" என்றார். அதிகாரி கையிலிருந்த தாளை ஒரு முறை பார்த்தார், கல்லை ஒரு முறை பார்த்தார்.

"துறவிக்கு ஏதுய்யா படகு?" என்றார்.

நான் பிங்குன்னின் இடது காலுக்குப் பின்னால் நகர்ந்தேன். என் குதிகாலுக்கும் அவன் முழங்காலின் உட்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. இருபத்தோரு வருடம் அந்த ஒரு சாணுக்காகத்தான் கல் சுற்றினேன்.

"அடிச்சுடு தங்கச்சி," என்றான் பிங்குன், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீ வருவேன்னு தெரியும். அடிச்சு முடிச்சுடு."

முடித்துவிடு என்கிறான். குரலில் பயமில்லை, கெஞ்சல் இருந்தது. முழங்கால் உடைந்தால் கட்டிலில் படுப்பான். யூயிங் கஞ்சி ஊட்டுவாள். பாவம் ஆசான் என்று ஊர் வந்து பார்க்கும். தீர்ந்தது கணக்கு என்று நிம்மதியாகத் தூங்குவான். என் குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. அதைக் கீழே வைக்க, நான் தூக்கிய எந்த ஜாடிக்கும் தேவைப்படாத பலம் தேவைப்பட்டது.

"முடிக்கறது நான்தான், அண்ணே. நீ இல்ல," என்றேன்.

பிடரியில் கை வைக்கவில்லை. திரும்பி நடந்து, அதிகாரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீர் எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா, முடிஞ்சுதா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க. இன்னும் நடக்குது."

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிங்குன்னின் தொடை நடுங்கத் தொடங்கியிருந்தது. மூத்த சீடன் என்னருகில் வந்து, "அக்கா, போதும்க்கா" என்றான். நான் இன்னொரு வாய்த் தேநீர் குடித்தேன். நிலையை விட்டு எழுந்தால், தான் ஆசானில்லை என்று பிங்குன்னே ஒப்புக்கொண்டதாகும். எழாமல் நின்றால் யாருடைய சீடன் என்பதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் நின்றான்.

மழை பிடித்தது. கூட்டம் கலையவில்லை. குடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. யூயிங் ஒரு குடையோடு வந்தாள். புருஷனிடம் போவாள் என்று நினைத்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குடையை அவள் விரிக்கவேயில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் சுசின்?"

எனக்கே தெரியவில்லை. பிங்குன்னின் விரல்கள் கவ்வியிருந்த இடத்தில் மண் கரைந்து பள்ளம் விழுந்தது. அதில் தண்ணீர் நிறைந்து, கணுக்காலைத் தொட்டு, மேலே ஏறிக்கொண்டிருந்தது.