விசித்திரத் துகள்கள்

கமாலுதீன் அடுப்படியில் நின்று ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தார். இறுக்கி இழுத்ததில் மேலுறை கிழிந்தது. பின்கட்டில், நீலத் தார்ப்பாய் மறைப்புக்குள், அவருடைய அண்ணன் சீனி முகம்மது குளிப்பாட்டும் மேசைமேல் துணி மூடிக் கிடந்தார். விடியும்போது மூச்சு நின்றிருந்தது. ரத்தப் புற்றுநோய்.

"தண்ணி ரெடி அண்ணே," என்றான் உடலைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த இக்மல். "மையித்துக்கு ஆம்பளப் புள்ள இல்லியாமே. நீங்கதான் கூட நிக்கணும்."

"வர்றேன். நீ போ."

ஆனால் அவர் அடுப்படியை விட்டு நகரவில்லை. பல்கலைக்கழகத்தில் அண்ணனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'நியூக்ளியர் பிசிக்ஸ்' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், கமாலுதீன் வேனில் ஆளேற்றிப் போகும் பேக்டரியில் எக்ஸ்ரே மெஷின் அறைக் கதவில் மஞ்சள் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அதைக் கடக்கும்போதே நடை வேகமாகும். இதுவோ வாழ்நாளெல்லாம் நியூக்ளியரோடு கிடந்த உடம்பு. ஆஸ்பத்திரியிலும் அண்ணனின் கட்டிலருகே போனதில்லை. வாசலில் நின்றே "எப்படி இருக்கீங்க நானா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வீட்டில் சின்னப் பேத்தி இருக்கிறாள்; அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது.

அண்ணன் மகள் ஷாஹிரா காலி தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு உள்ளே வந்தாள். அவர் கைகளைப் பார்த்தாள்.

"எதுக்கு சாச்சா ரெண்டு குளோவ்ஸ்?"

"ஒண்ணுமில்லம்மா. அத்தா பாத்த வேலை... அந்த ரேடியேஷன் தண்ணியில எறங்கும்னு சொல்றாங்க."

அவள் கோபப்படவில்லை. தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"அத்தாகிட்ட மெஷினே கிடையாது, சாச்சா. எங்கயோ வெளிநாட்டுல ரெண்டு அணுவோட கருவ மோத விடுவாங்க. அதுல, முன்ன இல்லாத துகள் சிலது புதுசா வரும். விசித்திரத் துகள்னு பேரு. வந்த வேகத்துல இல்லாமலும் போயிடும். எது எவ்வளவு வரும், எப்படி வரும்னு அத்தா இங்க உக்காந்து கணக்குப் போடுவாங்க. பேப்பரு, கம்ப்யூட்டர், அவ்ளோதான் லா."

"ஒருதரம்கூட கிட்டப் போனதில்லயா?"

"கண்ணால பாத்ததுகூட இல்ல."

கமாலுதீனுக்கு மூச்சு லேசாக வந்தது. மறுகணமே வேறொன்று தோன்றியது.

"அப்ப ஏம்மா அவருக்கு இந்த நோய் வந்துச்சு?"

ஷாஹிரா கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்தாள். "தெரியல சாச்சா. அத்தாவும் டாக்டர்கிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. காரணமே இல்லாம சிலருக்கு வரும்னாரு. போன வருசம் எடுத்த பிளட் டெஸ்டுல ஒண்ணுமே இல்ல."

போன வருடம் கமாலுதீனின் டெஸ்டிலும் ஒன்றுமில்லை. ரேடியேஷன் என்றால் விலகி நின்றிருக்கலாம். இத்தனை நாள் அப்படித்தான் நின்றார். இனி எதிலிருந்து விலகுவது?

இக்மல் மறுபடி கூப்பிட்டான். அவர் கிழிந்த மேலுறையை மாற்றக்கூட மறந்து தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணனின் தோளைத் தாங்கிப் பிடித்தார். கனமே இல்லை. வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். "மெதுவாண்ணே, பயப்படாதீங்க," என்றான் இக்மல்.

கடைசியில் கால்களைக் கழுவினார்கள். மேசை விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவி அவருடைய வெறுங்காலை நனைத்தது. அண்ணனின் இரண்டாவது கால்விரல் பெருவிரலைவிட நீண்டு, நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

கமாலுதீன் குனிந்தார். கீழே, தண்ணீருக்குள், அவருடைய விரலும் அப்படியே.